சனிக்கிழமை எண்ணெய்

தலை முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, சீயக்காயோ அரப்போ போட்டு வெந்நீரில் தலைமுழுகுவதே எண்ணெய் முழுக்கு. வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ இப்படிக் குளிப்பது ஒரு தலைமுறைக்கு முன்புவரை தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளின் நடைமுறை. உடல் சூடு தணியும், கண் குளிரும், நல்ல தூக்கம் வரும் என்று இன்று அதை ஒரு நலக்குறிப்பாகவே சொல்கிறார்கள். பழைய இலக்கியத்திலும் கல்வெட்டிலும் வீட்டு வழக்கத்திலும் அதைத் தேடிப் போனால் வேறு கேள்விகள்தான் முதலில் எதிர்ப்படுகின்றன. எண்ணெய் வைப்பவர் யார், வைத்துக்கொள்பவர் யார், எந்தக் கிழமையில், யாருக்கு அது கூடாது? உடல்நலப் பேச்சு இந்த உறவுக் கணக்குக்குள்ளேயே இருந்து வந்திருக்கிறது.

சங்க இலக்கியத்தில் எண்ணெய் முழுக்கோடு சேர்ந்து வருபவள் பிள்ளை பெற்ற பெண். நற்றிணையின் 40ஆம் பாட்டு அப்படியொரு வீட்டைக் காட்டுகிறது. மகன் பிறந்திருக்கிறான். வெண்சிறுகடுகு அப்பி நெய்யாடிய ஈரத்தோடும் பசுநெய் தடவி மென்மைப்பட்ட உடம்போடும் தாய் கண்மூடிப் படுத்திருக்கிறாள். பரத்தையிடம் போயிருந்த கணவன் நள்ளிரவில் கள்வன் போல வீட்டுக்குள் வருகிறான். தொல்காப்பியத்தின் கற்பியலும் இதே நிலையிலுள்ள மனைவியைத் தலைவன் பார்க்க வருவதை ஒரு தனிச் சூழலாகவே எண்ணிச் சொல்கிறது. பேறுகால உடம்பைத் தேற்றும் நெய்யாட்டு, பிரிந்த கணவன் வீடு திரும்பும் நேரமாகவும் ஆகிவிடுகிறது.

எண்ணெய்க்கும் உறவுக்குமான இந்தத் தொடர்பைச் சிலப்பதிகாரம் இரண்டு பெண்களிடம் பிரித்துக் காட்டுகிறது. கோவலன் பிரிந்த பின் கண்ணகியின் கூந்தல் எண்ணெயை மறந்துபோகிறது. குங்குமம், காதணி, புன்னகை எல்லாம் அவளை விட்டுப் போகும் வரிசையில் எண்ணெயும் ஒன்று. கடலாடு காதையில் மாதவியோ கோவலனின் ஊடலைத் தீர்க்கப் பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை என்னும் மணப்பொருள் ஊறிய நீரில் வாசநெய் பூசிய கூந்தலைக் கழுவி, அகிற்புகையில் உலர்த்துகிறாள். எண்ணெய் காணாத தலை பிரிவின் அடையாளம் என்பது அக்காலத்துக் கேட்போருக்கு விளக்கம் சொல்லாமலே புரிந்திருக்கும்.

எண்ணெய்ப் பூச்சை மருத்துவ நூல்கள் விதியாக்கின. சரக சம்ஹிதையும் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயமும் எண்ணெய் தேய்ப்பதை அன்றாடக் கடமைகளில் வைக்கின்றன. தலை, காது, பாதம் மூன்றிலும் சிறப்பாகத் தேய்க்க வேண்டும் என்பது வாக்படரின் கருத்து. கபம் மிகுந்தவர், செரியாமையில் இருப்பவர், அப்போதுதான் பேதி மருந்து உண்டவர் ஆகியோருக்கு அவர் எண்ணெயைத் தடுக்கிறார். சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதி இன்னும் கறாரானது. வாந்தி மருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பேதி மருந்து நான்கு மாதத்துக்கு ஒருமுறை, மூக்கில் விடும் நசியம் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை, சவரம் அரைமாதத்தில் இருமுறை, எண்ணெய் முழுக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை என்று அது ஓர் அட்டவணையே போட்டுத் தருகிறது. தினமும் என்றது வடமொழி நூல், நான்கு நாளுக்கு ஒருமுறை என்றது சித்தர் நூல். வீடுகளில் நிலைத்தது இரண்டும் அல்ல. ஆணுக்குப் புதனும் சனியும், பெண்ணுக்குச் செவ்வாயும் வெள்ளியும் என்று கிழமைக் கணக்கே வென்றது. ஆத்திசூடியும் சனிக்கிழமையைத்தான் நீராடும் நாளாகச் சொல்கிறது. எந்தக் கிழமையில் எண்ணெய் தேய்த்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கங்கள் கட்டம் போட்டு அச்சிட்டன. அமாவாசை, ஏகாதசி போன்ற நாட்களில் விலக்கும் உண்டு.

கணவனுக்கும் மனைவிக்கும் வெவ்வேறு நாள் வைத்ததற்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுண்டு. எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் உடலுறவு கூடாது என்பது விதி. மருத்துவக் காரணம் எதுவானாலும், வேலைப் பங்கீடும் இதில் கலந்திருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது. எல்லோரும் ஒரே நாளில் தலைமுழுகினால் வெந்நீர் போட்டு, சீயக்காய் கரைத்து, முதுகு தேய்த்துவிட்டு, அதற்கேற்பச் சமைக்கவும் ஆள் வேண்டுமே.

குழந்தையின் எண்ணெய்க் குளியலுக்கு நெருக்கமான சித்திரம் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெரியாழ்வாரிடம் கிடைக்கிறது. பிறந்த கண்ணனின் கையையும் காலையும் நீவி நிமிர்த்தி, கொப்பரையில் காய்ச்சிய நீரை மெல்ல ஊற்றி, பசுமஞ்சளால் நாக்கு வழிக்கிறாள் யசோதை. பிள்ளை வளர்ந்தபின் இன்னொரு பதிகம் முழுக்க நீராட வரச்சொல்லி அவள் கெஞ்சுவதுதான். எண்ணெயும் புளிப்பழமும் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள், தின்பண்டம் தருவதாக ஆசை காட்டுகிறாள், வெண்ணெய் நாற்றத்தோடு உன்னைத் தூங்கவிட மாட்டேன் என்கிறாள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் புளி பயன்பட்டது இதிலிருந்து தெரிகிறது. கால் நீட்டி உட்கார்ந்த பாட்டி குழந்தையைக் கணுக்கால்களுக்கு மேல் கிடத்திக் கைகால் நீவிக் குளிப்பாட்டும் முறை இன்றும் கிராமங்களில் பெரிதாக மாறவில்லை. ஊரில் இதற்கென்றே பழகிய கைகள் இருந்தன. பிரசவம் பார்த்த மருத்துவச்சியே பல நாள் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவாள்.

கோயிலிலும் இதே நடைமுறைதான். திருவரங்கத்து மூலவர் சுதைத் திருமேனி என்பதால் நீரபிஷேகம் கிடையாது, ஆனியில் தைலக்காப்புதான். அதன்பின் சில வாரங்கள் திருமுகத்தை மட்டுமே சேவிக்க முடியும். அழகர்கோயிலில் ஐப்பசி மாதம் கள்ளழகர் தைலக்காப்புக்கு மலைமேல் நூபுரகங்கைக்கு எழுந்தருளுகிறார். திருவில்லிபுத்தூர் ஆண்டாளுக்கு மார்கழியில் எண்ணெய்க் காப்பு. தெய்வத்துக்கு உகந்த நாள் குறித்து, தைலம் காய்ச்சி, தலைசீவி, பணிவிடை செய்பவர்கள் உரிமையோடு செய்யும் இந்த வேலைகள் வீட்டு வழக்கத்தின் பெரிய வடிவமே.

கல்வெட்டுச் சான்றுகளில் தனித்து நிற்பது திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில், இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலை, மாணவர் விடுதி, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனை ஆகியவை நடந்ததையும், ஒவ்வொன்றுக்கும் என்ன செலவு என்பதையும் அது நெல்லளவாகவும் காசளவாகவும் பதிவு செய்கிறது. மருத்துவர், அறுவை மருத்துவம் செய்பவர், மூலிகை கொணர்பவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் எல்லோருக்கும் அதில் கூலி உண்டு. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் தைலங்களும் நெய்களும் பல. விடுதி மாணவர்களுக்குப் படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய் என்று வரும் செலவுகளோடு சனிக்கிழமைதோறும் தலைக்குத் தேய்த்துக்கொள்ள எண்ணெயும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. சனிக்கிழமைக் குளியல் அறிவுரையாக நிற்காமல் வரவுசெலவுக் கணக்கில் ஏறியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வீட்டை விட்டு வந்த பிள்ளைகளுக்குத் தாயின் வேலையை அறக்கட்டளை ஏற்றிருக்கிறது.

அரண்மனையில் இது வேறு உருவம் எடுத்தது. 1520 வாக்கில் விஜயநகரம் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ் கிருஷ்ணதேவராயரின் காலைப்பொழுதை எழுதிவைத்திருக்கிறார். விடியுமுன் மன்னர் நல்லெண்ணெய் குடிப்பார், உடம்பெங்கும் அதையே பூசிக்கொள்வார், மண்ணால் செய்த எடைகளைத் தூக்குவார், பூசிய எண்ணெயெல்லாம் வியர்வையாக வெளியேறும்வரை வாள் சுழற்றுவார், மல்லரோடு பொருவார், குதிரையேறிச் சுற்றிவிட்டு வந்து குளிப்பார். அங்கே எண்ணெய் ஓய்வுக்குரியதாக இல்லை, பயிற்சியின் பகுதியாக இருந்தது. மல்யுத்தக் களங்களிலும் கேரளக் களரிகளிலும் எண்ணெய்க்கு இந்தப் பொருள்தான்.

தமிழ்நாட்டில் தீபாவளி பரவலான பண்டிகையாக வேரூன்றியதை விஜயநகர, நாயக்கர் ஆட்சியோடு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெயில் திருமகளும் வெந்நீரில் கங்கையும் இருப்பதாக நம்பிக்கை. அன்று மட்டும் கிழமை, திதி விலக்கு எதுவும் கிடையாது. வீட்டின் மூத்த பெண் ஒவ்வொருவராக மணையில் உட்காரவைத்து உச்சந்தலையில் எண்ணெய் வைப்பார். மாமியார் வீட்டில் மாப்பிள்ளைக்கு எண்ணெய் வைக்கும் தலைதீபாவளி இந்த வழக்கத்தின் உச்சம். குளித்து முடித்ததும் இஞ்சி, திப்பிலி, ஓமம் சேர்த்துக் கிளறிய லேகியம் ஓர் உருண்டை. கங்கா ஸ்நானம் ஆயிற்றா என்பதே அன்றைய நலவிசாரிப்பு.

இவ்வளவு எண்ணெயைத் தந்தது செக்கு. எண்ணெய் வணிகத்தில் இருந்த சங்கரப்பாடியார் சோழர் கல்வெட்டுகளில் கோயில் விளக்குகளோடு சேர்ந்து வருகிறார்கள். ஏரிக்கரையிலும் கோயில் அருகிலும் கிடக்கும் பழைய கல்செக்குகள் சிலவற்றில் செய்து கொடுத்தவர் பெயர் பொறித்திருக்கிறது. மரச்செக்குக்கு வாகை மரம் ஏற்றது. மாடு சுற்றச் சுற்ற உலக்கை எள்ளை நெருக்கும். இடையே கருப்பட்டி சேர்த்தால் எண்ணெய் நன்றாகப் பிரியும். மிஞ்சும் புண்ணாக்கு மாட்டுக்கே திரும்பப் போகும். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்ற பழமொழியில் வரும் வாணியர், செக்காட்டி எண்ணெய் விற்றவர். அந்தப் பழமொழியைச் சொல்லிச் சொல்லியே அவர் வியாபாரமும் நடந்திருக்கலாம்.

எண்ணெய் தேய்ப்பதைவிட எடுப்பது கடினம். கொங்கு நாட்டில் உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த அரப்புத் தூள், மற்ற பகுதிகளில் சீயக்காய், வசதியுள்ள வீடுகளில் அதோடு பச்சைப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு, காய்ந்த எலுமிச்சைத் தோல் சேர்த்து அரைத்த பொடி. சீயக்காயில் இருக்கும் சபோனின் நீரில் கரைந்து எண்ணெயைப் பிடித்திழுக்கிறது. நுரை குறைவு, முழுவதையும் வழித்தெடுப்பதுமில்லை. மயிர்க்காலில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தங்கிவிடும். தூளை வெறுந்தண்ணீரில் கரைக்காமல் சோறு வடித்த கஞ்சியில் கரைப்பார்கள், தலையில் வழுக்கிக்கொண்டு பரவும் என்பதற்காக. எண்ணெயைக் கரண்டியில் ஊற்றி, இரண்டு மிளகும் சிறிது சீரகமும் போட்டு அடுப்பில் காட்டி, சடசடவென்று பொரிந்ததும் இறக்குவார்கள். கோவணத்தோடு முற்றத்து இளவெயிலில் நிற்கும் பையன்களின் உச்சியில் அதைச் சூடு ஆறுமுன் தட்டித் தேய்ப்பார்கள். அதன்பின் புழக்கடை அடுப்பில் தவலை வெந்நீர், கண்ணில் இறங்கும் சீயக்காய், அழுகை. பெண்பிள்ளைகளின் கூந்தலை உலர்த்த, கரி நெருப்பில் சாம்பிராணி போட்டுக் கூடையைக் கவிழ்ப்பார்கள்.

குளித்த நாளுக்குரிய கட்டுப்பாடுகளும் நீளம். பகலில் தூங்கக் கூடாது, வெயிலில் அலையக் கூடாது, தயிர், பழையது, கறி வேண்டாம். மிளகு ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம் போதும். பகல் தூக்கத்துக்குத் தடை போட்டதுதான் கொடுமை, ஏனென்றால் எண்ணெய் முழுக்கு தருவது முதலில் தூக்கத்தைத்தான். உடம்பு பிடித்துவிட்டதில் தளரும் தசையும், வெந்நீரில் சூடேறிப் பின் மெல்ல ஆறும் உடம்பும் கண்ணைச் செருகவைக்கின்றன.

இந்த வழக்கத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. பல சாதிகளில் கணவனை இழந்த பெண்ணுக்கு மஞ்சளும் பூவும் போலவே எண்ணெய்த் தலைமுழுக்கும் மறுக்கப்பட்டது. கண்ணகியின் கூந்தல் தானாக மறந்ததை இவர்களின் தலைக்கு ஊர் சட்டமாக்கியது. இறந்தவருக்கோ உறவினர் வரிசையாக வந்து எண்ணெயும் சீயக்காயும் தலையில் தொட்டு வைக்கிறார்கள். அங்கும் யார் முதலில், யார் பின் என்ற முறை உண்டு. விருதுநகரும் அதைச் சுற்றிய தென்மாவட்டங்களும் அறிந்த தலைக்கூத்தல் இதன் இருண்ட பக்கம். படுத்த படுக்கையான முதியவரைக் குடும்பமே எண்ணெய்க் குளியலின் பெயரால் சாவுக்கு அனுப்பும் வழக்கம் அது. 2010இல் பத்திரிகைகள் எழுதியபின் வெளியுலகம் அதைக் கவனித்தது. அதையே கதையாகக் கொண்ட ‘பாரம்’ 2018ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருது பெற்றது. சட்டப்படி கொலையான ஒன்று, பராமரிப்பின் சாயலிலேயே நடந்து வந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் தலைமுழுக்குக்குத் தனி வடிவங்கள் உண்டு. சித்திரைப் புத்தாண்டன்று கோயில்களில் மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய மருத்துநீரை வாங்கிவந்து, அந்த ஆண்டுப் பஞ்சாங்கம் சொல்லும் இலைகளைத் தலையிலும் காலடியிலும் வைத்து, வீட்டின் மூத்தவர் மற்றவர்களின் தலையில் தேய்த்துவிட்ட பின்பே தோய்வார்கள். திருமணத்துக்கு முன் மணமக்களின் தலையில் பாலும் அறுகும் வைத்துத் தோயவார்ப்பதும் இந்த வரிசையில்தான் சேரும். எண்ணெய் இல்லாவிட்டாலும் பெரியவர் கை இளையவர் தலைமேல் படுகிறது.

20ஆம் நூற்றாண்டில் இது தளர்ந்ததற்குப் பல காரணங்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்த ஞாயிறு விடுமுறை புதனையும் சனியையும் வேலைநாளாக்கியது. விறகடுப்பு போய், குழாய்த் தண்ணீரும் சிறிய குளியலறையும் வந்தன. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும் முற்றம் அடுக்ககத்தில் இல்லை. நிலக்கடலை தமிழ்நாட்டில் பெரும்பயிராகிச் சமையலுக்கு மலிவான எண்ணெய் தந்தபின் எள்ளெண்ணெயின் இடம் சுருங்கியது. சோப்பு உடம்புக்கு வந்தது, தலைக்கு ஷாம்பூ கடலூரிலிருந்து வந்தது. அங்கே சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு பைகளில் அடைத்து விற்கும் முறையைக் கண்டார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய நிறுவனம் ‘சிக்’ ஷாம்பூவை ஒரு ரூபாய்க்கும் பிறகு ஐம்பது காசுக்கும் கிராமத்துப் பெட்டிக்கடைவரை கொண்டுபோனது. கஞ்சியில் கரைக்க வேண்டாம், இன்னொருவர் தேய்த்துவிட வேண்டாம், ஐந்து நிமிடத்தில் தனியாக முடிந்துவிடும். அதே நிறுவனம் ‘மீரா’ என்ற பெயரில் சீயக்காய்ப் பொடியையும் விற்றது. சந்தை இரண்டு பக்கமும் விளையாடியதைக் குறைசொல்ல முடியாது, வாங்குபவர்களும் இரண்டையும் கேட்டார்கள்.

அலோபதி மருத்துவர்களின் கருத்து முழு ஆதரவும் அல்ல, முழு மறுப்பும் அல்ல. வறண்ட தோலுக்கு எண்ணெய் நல்லது, பிடித்துவிடுவது இறுக்கத்தைத் தளர்த்தும், குழந்தையை நீவிவிடும்போது தாய்க்கும் பிள்ளைக்கும் நெருக்கம் கூடும் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. உடல் சூடு, பித்தம் போன்ற விளக்கங்களை அவர்கள் ஏற்பதில்லை. குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதைக் கண்டிப்பாகத் தடுக்கிறார்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி வரும் கொழுப்பு நிமோனியாவைத் தமிழ்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பதற்கும் இதே எச்சரிக்கை.

எண்ணெய் இப்போது வேறு வழிகளில் திரும்பி வந்திருக்கிறது. கேரளத்தின் ஆயுர்வேதச் சுற்றுலா 1990களுக்குப் பின் அப்யங்கம் என்னும் எண்ணெய்த் தேய்ப்பை மணிக்கணக்குக் கட்டணச் சேவையாக்கியது, அதன் நகல்கள் தமிழ்நாட்டு ஊர்களிலும் திறந்தன. குற்றாலத்தில் சாரல் காலத்தில் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுபவர்களின் தொழில் அதற்கு முன்பிருந்தே நடக்கிறது. மின்மோட்டாரில் ஓடும் மரச்செக்குகள் நகரத் தெருக்களில் கடைபோட்டிருக்கின்றன, கருப்பட்டி போட்டு ஆட்டிய நல்லெண்ணெய் என்று பலகை வைத்து. வாரக் குளியல் பெரும்பாலான வீடுகளில் ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்தது, அல்லது ஆண்டுக்கு ஒருமுறையாகச் சுருங்கியது. தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தீபாவளி விடியலில் மட்டும் அது விடாமல் நடக்கிறது. எண்ணெயும் சீயக்காய்ப் பொட்டலமும் லேகியப் புட்டியும் அந்த வாரத்தில் கடைகளில் அடுக்கடுக்காக விற்கின்றன.